அரைக்கால் மாத்திரை

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணிக்கொண்டு போகும். சொன்னதையே திரும்பச் சொல்வேன். முக்கியமானது மறந்துபோய், பிறகு அடுப்படியில் நிற்கும்போது நினைவுக்கு வரும். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசி எனக்குப் பழக்கமில்லை. அன்றைக்குப் பேசியிருந்தால் இன்றைக்கு இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. என் மகள் பத்து மாதக் குழந்தையாக இருந்தபோது, எஸ்டேட் கம்பவுண்டர் ஒருவர் தப்பாக மாத்திரை கொடுத்து அவளைச் சாகடிக்கப் பார்த்தார் என்பது அந்தக் கதை. என் வீட்டுக்காரர் கண்ணை மூடும்வரை அதைச் சொல்லித் திட்டினார். இப்போது என் மகள் தன் பிள்ளைகளுக்குச் சொல்கிறாள். சொல்லிக்கொண்டே என்னைப் பார்ப்பாள். நான் தலையை ஆட்டுவேன். அந்தத் தலையாட்டல்தான் என்னை உள்ளே அரிக்கிறது. அந்த மனிதர் மேல் விழுந்த பழி பொய்ப்பழி. தப்பு ஒரு கணக்கில் இருந்தது. அந்தக் கணக்கைப் போட்டவள் நான்.

எழுபத்தாறோ எழுபத்தேழோ, நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. ஐப்பசி மாதம், காய் எடுப்பு மும்முரமாக நடந்த நேரம். எங்கள் ஊர் சிலமலையில் கிணறு வற்றிப்போய், நாங்கள் போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலக்காய் எஸ்டேட்டில் குடியேறி மூன்று வருஷம் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரருக்கு ஸ்டோரில் காய் உலர்த்தும் சோலி. நான் காய் எடுக்கப் போவேன். பிள்ளையை அடுத்த வீட்டுப் பெரியாத்தாவிடம் விட்டுப் போவேன். பெரியாத்தாவுக்குப் பார்வை மங்கிவிட்டதால் காட்டுக்குப் போக முடியாது. லயத்தில், அதாவது எஸ்டேட் வரிசை வீடுகளில், உள்ள பிள்ளைகளைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டிருப்பார்.

ஒரு திங்கட்கிழமை, காய்ச்சல் ஏறிப் பிள்ளைக்கு வலிப்பு வந்துவிட்டது. கண் மேலே செருகி, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தது. தூக்கிக்கொண்டு எஸ்டேட் மருந்தறைக்கு ஓடினேன். கம்பவுண்டர் ஐம்பது தாண்டியவர், கம்பத்துக்காரர். மூக்குக் கண்ணாடியின் ஒரு கொக்கி உடைந்து நூலால் கட்டியிருப்பார். பிள்ளையை வாங்கி ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துச் சூட்டை இறக்கினார். வலிப்பு நின்றது. எனக்கு உயிர் வந்தது.

வெளியே மழைக் காய்ச்சல்காரர்கள் வரிசையாகப் போர்த்திக்கொண்டு நின்றார்கள். அவர் காகிதத்தில் வலிப்பு மாத்திரைகளை எண்ணிப் போட்டு மடித்தார்.

"இந்தா ஆத்தா, பத்து இருக்கு. காலையில அரைக்கால், சாயங்காலம் அரைக்கால். பொடி பண்ணிப் பிரிச்சுக் குடு. நாப்பது நாளைக்கு விடாமக் குடுக்கணும். புரிஞ்சுதா?"

தலையை ஆட்டினேன். புரியவில்லை. திருப்பிக் கேட்க வெட்கம். பின்னால் நின்றவன் வேறு, "வெரசா நகருக்கா, இங்க நடுங்கிச் சாகுறோம்" என்றான். நகர்ந்துவிட்டேன்.

அரைக்கால், அரைக்கால் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். அரை எனக்குத் தெரியும். கால் தெரியும். அரையும் காலும் சேர்ந்தால் முக்கால், அதுவும் தெரியும். பிறகு ஏன் முக்கால் என்று சொல்லாமல் அரைக்கால் என்கிறார்? மாத்திரையை முதலில் பாதியாக உடைத்து, மற்றப் பாதியில் கால் எடுத்து, இரண்டையும் சேர்க்கவேண்டும். அதைத்தான் உடைக்கிற வரிசையில் அரை, கால் என்று சொல்லியிருக்கிறார் என்று நானே ஒரு அர்த்தம் கட்டிக்கொண்டேன்.

நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோதுதான் அணா போய் நயா பைசா வந்தது. வாத்தியார் பலகையைத் துடைத்துவிட்டு, "அரைக்கால், மாகாணி எல்லாத்தையும் மறந்துருங்க. இனிமே எல்லாம் நூறுதான்" என்றார். எனக்கு மறக்க ஒன்றுமில்லை. அதுவரை அது மூத்த வகுப்புப் பிள்ளைகள் கத்துகிற பாடம், அவ்வளவுதான். எனக்குப் பத்தாம் வாய்ப்பாடு வரை தண்ணீர்பட்ட பாடு. எட்டாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்வேன். அதை எதற்குச் சொல்கிறோம் என்று எனக்கும் தெரியாது, சொல்லிக் கொடுத்தவரும் சொல்லவில்லை.

பிளேடால் மாத்திரையை வெட்டினேன். முக்கால் கொடுத்தால் கால் மிஞ்சும். திங்கள் சாயங்காலம் ஒன்று, செவ்வாய் இரண்டு வேளை, ஆக மூன்று கால் துண்டுகள் மிஞ்சின. புதன் காலையில் புது மாத்திரையை உடைக்காமல் அந்த மூன்று துண்டையும் சேர்த்துப் பாலில் குழைத்துக் கொடுத்தேன். நாலு வேளைக்கு மூன்று மாத்திரை. ஒரு துகள் வீணில்லை. என் கணக்கை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது என்பதை இப்போது எழுத முடியாமல் எழுதுகிறேன்.

அந்த நாற்பது நாளை நான் கணக்காகவே எடுத்துக்கொள்ளவில்லை. நாற்பது நாள் என்றால் பத்தியம், நாற்பது நாள் என்றால் விரதம். அப்படித்தான் காதில் விழுந்தது. நாளைக்கு ஒன்றரை மாத்திரை போனால் பத்து மாத்திரை எத்தனை நாள் வரும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். ஆறு நாள் தாண்டி ஏழாம் நாள் காலையோடு தீர்ந்துவிடும். நாற்பது எங்கே, ஏழு எங்கே. அந்தக் கேள்வி என் மடியிலேயே கிடந்தது. நான் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பிள்ளை தூங்கிக்கொண்டே இருந்தாள். மருந்து வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன். புதன்கிழமை மத்தியானம் பால் கொடுக்க வந்தபோது பெரியாத்தா தொட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏத்தா, இவ பாலுக்குக்கூட அழுகல. கிள்ளிப் பார்த்தேன். அதுக்கும் அழுகல."

தூக்கினேன். ஈரத்துணி மாதிரித் தோளில் விழுந்தாள். மூச்சு இருந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் நான் சாமி பேரை ஒருமுறை முழுசாகச் சொல்ல முடிந்தது.

மருந்தறை பூட்டியிருந்தது. கம்பவுண்டர் அடுத்த எஸ்டேட்டுக்குப் போயிருந்தார். ஸ்டோர் வாசலில் ஜீப்பு லோடு ஏற்றி நின்றது. என் வீட்டுக்காரர் உலை அறையிலிருந்து வேர்வையோடு ஓடிவந்து பிள்ளையைத் தொட்டுப் பார்த்தார். "நீ போ. நான் கம்பவுண்டரைப் பிடிச்சுக் கேட்டுட்டுப் பின்னாலயே வர்றேன்" என்றார். டிரைவர் முன்சீட்டில் கிடந்த மூட்டையைத் தூக்கிப் பின்னால் எறிந்தார்.

"ஏறு தங்கச்சி."

மெட்டு இறக்கத்தில் மூடுபனி. வளைவுகள் பதினேழு என்பார்கள். ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் நடுவில் எத்தனை மூச்சு என்று எண்ணத் தொடங்கினேன். ஒரு இடத்தில் முப்பது வந்தது, அடுத்ததில் பன்னிரண்டு. ஐயோ குறைகிறதே என்று அழுதேன்.

"என்ன எண்ணுற?"

"மூச்சுண்ணே. வளைவுக்கு வளைவு குறையுது."

"வளைவெல்லாம் ஒரே தூரமா? இது குட்டை வளைவு, மேல உள்ளது நெட்டை. அத வச்சு எப்பிடிச் சொல்லுவ? இந்தா." ஒரு கையால் ஓட்டிக்கொண்டே வாட்சைப் பல்லால் இழுத்துக் கழற்றி என் மடியில் போட்டார். "சின்ன முள்ளு ஒண்ணு தத்தித் தத்தி ஓடுது பாரு. அது ஒரு சுத்து வர்றதுக்குள்ள எண்ணு. அதுதான் கணக்கு."

எண்ணினேன். பதினெட்டு. மறுபடி பதினெட்டு. அப்புறம் பதினாறு. மலையடிவாரத்து முந்தலுக்கு வந்தபோது பதினைந்து. நான் அழுகையை நிறுத்தியிருந்தேன். அழுதால் எண்ண முடியாது.

போடி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இருந்தார். சின்ன வயசு, மதுரைப் பக்கம். "எவ்வளவு நேரமா இப்படி?" என்றார். எண்ணிக்கையை மட்டும் சொன்னேன். பதினெட்டு, பதினாறு, பதினைந்து. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "எண்ணினியா? நல்லது" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார். மூக்கில் குழாய் வைத்தார்கள். பிறகு வெளியே வந்து மாத்திரைப் பொட்டலத்தைக் கேட்டார்.

"எவ்வளவு கொடுத்த?"

"கம்பவுண்டரு சொன்னபடிதாம்மா. அரைக்கால்."

"அப்படின்னா?"

"முக்கால்மா. ரெண்டு வேளை."

பக்கத்தில் நின்ற வயதான நர்சம்மா நெஞ்சில் கை வைத்தார். "அரைக்கால்னா முக்கால் இல்ல தாயி. கால்ல பாதி. எட்டுல ஒண்ணு."

டாக்டரம்மா பொட்டலத்தைப் பிரித்து எண்ணினார். ஏழு. "மூணு மாத்திரை உள்ள போயிருக்கு" என்று மெதுவாகச் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "இனி உள்ள போனது தானா இறங்கணும். மூச்சை நாங்க பாத்துக்கறோம். நீ உக்காரு."

நடையில் சுவரோரமாக உட்கார்ந்தேன். கையில் அந்தக் காகிதம். பாதியாக மடித்தேன். அதில் பாதி. அதில் பாதி. பிரித்துப் பார்த்தால் எட்டுக் கட்டம். ஒரு மாத்திரைக்கு எட்டு. பத்து மாத்திரைக்குப் பத்தெட்டு எண்பது. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்றால் எண்பதில் பாதி.

நாற்பது.

வாத்தியார் குச்சியால் தட்டித் தட்டிச் சொல்ல வைத்த வாய்ப்பாடு, பதினைந்து இருபது வருஷம் கழித்து அந்த ஆஸ்பத்திரி நடையில் வந்து எனக்கு விடை சொன்னது. கம்பவுண்டர் பத்தியமும் சொல்லவில்லை, விரதமும் சொல்லவில்லை. தன் கணக்குக்கு விடையையும் சேர்த்தே என் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார். நான் பார்க்கவில்லை. உள்ளே என் பிள்ளை கிடக்கிறாள்.

அந்த இரண்டு நாளைப் பற்றி எழுதத் தெரியவில்லை. வாட்ச் டிரைவரிடம் போய்விட்டது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தே எண்ணினேன். நர்சம்மா வந்து, "சாப்பிட்டியா" என்றால், "பதினேழு" என்று பதில் சொன்னேனாம். வெள்ளிக்கிழமை காலை இருபத்தாறு வந்தது. அதற்குப் பிறகு கொஞ்ச நேரத்தில் அவள் அழுதாள். வறட்டு அழுகை, பூனைக்குட்டி கத்துவது மாதிரி.

என் வீட்டுக்காரர் வியாழனே வந்திருந்தார். வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் பிள்ளை பக்கம் திரும்பி மூச்சை எண்ணத் தொடங்கிவிட்டேன். "அந்த ஆளு ஒத்துக்கிட்டான்" என்றார். "அரைக்கால்னுதான் சொன்னேன்னு அவன் வாயாலயே சொல்றான். பச்ச மண்ணுக்கு முக்கா மாத்திரை." அவரும் என்னைப் போலவே புரிந்துகொண்டிருந்தார். கூட்டல் போட்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளையோடு மலைக்குத் திரும்பினோம். ஸ்டோர் வாசலில் கூட்டம். கங்காணி நடுவில், கம்பவுண்டர் ஓரமாக.

"மறைக்காமச் சொல்லுங்க. என்ன சொல்லிக் குடுத்தீக?" என்றார் கங்காணி.

"அரைக்கால்னு சொன்னேன்."

"கேட்டுக்கங்கப்பா. அரை, கால்."

"அரையுங்காலும் இல்லய்யா. அரைக்கால்னா எட்டுல ஒண்ணு."

"இப்ப எட்டுக்குத் தாவிட்டீகளா?" கூட்டத்தில் ஒருவன், "விட்டா நாளைக்குப் பதினாறும்பாரு" என்றான். சிரித்தார்கள்.

பெரியாத்தா கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு, "ஏ அப்பு, அந்தக் காலத்துல அரைக்கா ரூவான்னா ரெண்டணால்ல. பதினாறணாவுல ரெண்டணா" என்றார்.

"ஆத்தா, இது ரூவா இல்ல, மாத்திரை. நீ போய்த் தொட்டில ஆட்டு" என்றார் கங்காணி.

கம்பவுண்டர் என் பக்கம் திரும்பினார். கண்ணாடியை நூலோடு சேர்த்துப் பிடித்திருந்தார். "ஆத்தா, நீ சொல்லு. நாப்பது நாளைக்குன்னு சொன்னேனா இல்லையா? மாத்திரை பத்து. நாள் நாப்பது. அத மட்டும் சொல்லு, போதும்."

அவருக்கும் அந்தக் கணக்குதான் துணை. அது தெரிந்த ஆள் அந்தக் கூட்டத்தில் நான் ஒருத்திதான். இடுப்பில் பிள்ளை. எல்லாருடைய கண்ணும் என் மேல். சொன்னால் பெற்ற பிள்ளைக்கு விஷம் கொடுத்தவள் ஆகிவிடுவேன். முந்தானையைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

"அவள எதுக்குய்யா கேக்குற" என்று என் வீட்டுக்காரர் முன்னால் வந்து நின்றார். அதோடு முடிந்தது.

மறுநாள் காலையில் கம்பவுண்டரை வேலையிலிருந்து நீக்கிக் கீழே அனுப்பினார்கள். தகரப் பெட்டியோடு ஜீப்புக்கு நின்றவர், நான் பிள்ளையோடு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நிற்பதைப் பார்த்து வந்தார். ஓடிவிடலாமா என்று பார்த்தேன். அவர் பிள்ளையின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார்.

"தேறிட்டா. டாக்டரு சொல்ற அன்னைக்கு மறுபடி ஆரம்பி. மாத்திரைய நல்லாப் பொடி பண்ணு, காகிதத்துல பரப்பு. பாதி, அதுல பாதி, அதுலயும் பாதி. எட்டுப் பொட்டலமா மடிச்சு வச்சுக்க. ஒரு மாத்திரை நாலு நாளைக்கு." கொஞ்சம் நின்று, "அன்னைக்கே பிரிச்சுக் காட்டிக் குடுத்திருக்கணும். கூட்டமா இருந்துச்சு" என்றார்.

நான் அப்போதும் தலையைத்தான் ஆட்டினேன்.

டாக்டரம்மா சொன்ன நாளில், மிச்சமிருந்த ஏழு மாத்திரையையும் கம்பவுண்டர் சொன்னபடியே எட்டெட்டாகப் பிரித்தேன். ஏழு நாலு இருபத்தெட்டு. நாற்பதுக்குப் பன்னிரண்டு நாள் குறைந்தது. அந்தப் பன்னிரண்டு நாள் மருந்தைத்தான் இரண்டு நாளுக்குள் என் கையால் அவள் வாயில் ஊற்றியிருக்கிறேன் என்று அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. பொடி கண்ணீரில் நனைந்துவிடும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு மடித்தேன்.

அதன் பிறகு என்னால் எந்த எண்ணையும் சும்மா விட முடியவில்லை. லயத்துப் பெண்கள் மருந்தோடு வந்தால், "எத்தனை நாளைக்குன்னு சொன்னாக?" என்றுதான் முதலில் கேட்பேன். இருக்கிறதை எண்ணி, நாளால் பிரித்து, வேளையால் பிரித்து, சொன்ன அளவு வருகிறதா என்று பார்ப்பேன். வராவிட்டால் திருப்பி அனுப்புவேன். "இவ யாருடி, அஞ்சாங்கிளாசு டாக்டரு" என்று கேலி பேசுவார்கள். பேசட்டும். என் வீட்டுக்காரர் செடிக்கு மருந்தடிக்கப் போனபோது, ஒரு டப்பா தண்ணீருக்கு எத்தனை மூடி மருந்து என்று இரண்டு தடவை போட்டுப் பார்க்காமல் அவரை விடமாட்டேன். "உனக்கென்ன கிறுக்கா" என்பார். ஏன் என்று நான் சொன்னதில்லை.

எண்பதுகளில் போடிக்கே வந்துவிட்டோம். மகள் ஐந்தாவதோ ஆறாவதோ படித்தாள். ஒருநாள் பின்னக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். அரையும் காலும் கூட்டினால் முக்கால். அரையைக் காலால் பெருக்கினால் எட்டில் ஒன்று. ஒரே பக்கத்தில், ஒன்றன் கீழ் ஒன்றாக. கூட்டல் குறியைக் கொஞ்சம் சாய்த்து எழுதினால் பெருக்கல் குறி. அவ்வளவுதான் வித்தியாசம். "என்னம்மா அப்பிடிப் பாக்குற" என்றாள். "ஒண்ணுமில்ல, நல்லாப் பாத்துப் போடு" என்றேன்.

அதே சமயத்தில்தான், அந்தக் கம்பவுண்டர் கம்பத்தில் ஒரு மருந்துக்கடையில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். உறவுக்காரர் வீட்டுக்கு என்று சொல்லிவிட்டுப் பஸ்சில் போனேன். எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். அவர்தான். தலை முழுக்க வெளுத்திருந்தது. ஒரு பெண்ணுக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார். கொடுத்துவிட்டு, ஒரு வெறுங்காகிதத்தை எடுத்து மடித்தார், மறுபடி மடித்தார், மறுபடி மடித்தார். பிரித்து அவள் முகத்துக்கு நேராகக் காட்டினார். அவள் தலையை ஆட்டினாள். அவர் விடவில்லை. "நீயே மடி" என்று அவள் கையில் கொடுத்தார்.

சாலை பத்தடி அகலம் இருக்கும். நான் கடக்கவில்லை. அடுத்த பஸ்சில் திரும்பிவிட்டேன். பிறகு ஒருமுறை போனபோது கடை வேறு ஆளிடம் இருந்தது.

நான் எழுதியதில் கிழமை மாறியிருக்கலாம். மூச்சு எண்ணிக்கை ஒன்றிரண்டு கூடக் குறைய இருக்கலாம். நர்சம்மா சொன்ன வார்த்தை அப்படியே இல்லாமல் இருக்கலாம். தெரிந்தவர்கள் திருத்துங்கள். ஆனால் ஒன்றை மட்டும் யாராவது கட்டாயம் சரிபார்க்க வேண்டும். மாத்திரை பத்து. ஒரு வேளைக்கு எட்டில் ஒரு பங்கு. நாளைக்கு இரண்டு வேளை. நாற்பது நாள் வருகிறதா, இல்லையா? எனக்கு எத்தனை தடவை போட்டாலும் வருகிறது. முதலில் என் மகள் போட்டுப் பார்க்கட்டும்.